சீர்த்தட்டில் ஒரு டாலியாக் கிழங்கு

ஜனவரி 6

பனி விலகியதும் கிழங்கைத் தோண்டி எடுத்தேன். மண்வெட்டியைத் தொடவில்லை, கையால்தான். டாலியாவை மண்வெட்டியால் எடுக்கிறவர்களை எங்கள் தோட்டச் சங்கத்தில் சேர்த்துக்கொள்வதே தப்பு.

விதை போட்டு, வந்ததைப் பார்த்து, பிடிக்காததைப் பிடுங்கி எறிந்து, மறுபடி விதை போட்டு, ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே செடி. சிவப்பு இதழ், ஒவ்வொரு நுனியிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. பூ சாப்பாட்டுத் தட்டு அகலம். கோத்தகிரியில் என்ன, உலகத்திலேயே வேறு யாரிடமும் கிடையாது. போன வருஷம் மலர்க் கண்காட்சி முடிந்த பிறகுதான் பூத்துத் தொலைத்தது. பார்த்தவர்கள் இவரும், பால்காரரும், வேண்டாத நேரத்தில் வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாவும்தான்.

வரும் மே மாதம் கண்காட்சியில் வைத்துவிட்டால் பெயர் சூட்டலாம். புதுப் பூவை யார் முதலில் காட்சிக்கு வைக்கிறாரோ அவருக்கே பெயர் வைக்கும் உரிமை என்பது சங்கத்தின் விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். பெயரும் முடிவாகிவிட்டது: சாரதாமணி. இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன்ற பேரையேவா?" என்றார். பின்னே, இவர் தங்கச்சி பேரையா வைப்பார்கள்?

கொத்தைப் பிரித்ததில் ஏழெட்டுக் கிழங்கு தேறியது. ஆனால் கண் இருப்பது இரண்டில்தான். உருளைக்கிழங்கு மாதிரி டாலியாவுக்கு உடம்பெல்லாம் கண் கிடையாது. கிழங்கின் கழுத்து தண்டோடு ஒட்டும் இடத்தில் மட்டும் சின்னப் பரு மாதிரி இருக்கும். அது இல்லையென்றால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. குருட்டுக் கிழங்கு என்போம். கண் உள்ள இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி மரத்தூள் பெட்டியில் வைத்துச் சாமான் அறையில் பத்திரப்படுத்தினேன். குருடுகள் பக்கத்தில் கூடையில் கிடக்கின்றன.

ஜனவரி 9

சங்கச் செயலாளர் தேவசகாயம் வந்திருந்தார். தோட்டக்கலைத் துறையில் ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றதை இன்னும் நம்பாதவர். புது உறுப்பினர்களுக்காக டாலியாச் சொற்களைத் தமிழில் விளக்கி ஒரு கையேடு போடவேண்டுமாம், நான்தான் எழுதவேண்டுமாம். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

'டின்னர் பிளேட்' டாலியாவுக்குத் தமிழ் என்ன என்பதில் சங்கம் போன மாதமே ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டது. தட்டு டாலியா என்று ஒரு கட்சி, தாம்பாள டாலியா என்று ஒரு கட்சி. கடைசியில் டின்னர் பிளேட் என்றே தமிழில் எழுதுவதாகத் தீர்மானம் நிறைவேறி, எல்லாரும் கைதட்டி, போண்டா சாப்பிட்டுக் கலைந்தோம்.

இரவுச் சமையலுக்கு முன்னால் ஒரு சொல்லை எழுதிவிட்டேன். "பக்க மொட்டு எடுத்தல்: நடு மொட்டு பெரிதாக மலர, அதன் இருபுறமும் உள்ள மொட்டுகளைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும். பாவம் பார்த்தால் பூ சிறுக்கும். பிள்ளை வளர்ப்பும் இப்படித்தான்." கடைசி வாக்கியம் எதற்கு என்று இவர் கேட்கிறார். ஏன், என் மகள் மேகலா பாட்டு வகுப்புக்குப் போனாள், படம் வரைந்தாள். இரண்டையும் நிறுத்திக் கணக்கில் உட்கார வைத்தேன். இன்றைக்கு ஆடிட்டர். அவள் ஒன்றும் குறை சொன்னதில்லை. அவள் பொதுவாகவே எதுவும் சொல்வதில்லை.

ஜனவரி 12

சம்பந்தியம்மா நாகரத்தினம் போன் செய்தார். திருப்பூரில் இருந்தவரைக்கும் நல்ல மனுஷிதான். மாப்பிள்ளைக்கு இங்கே தேயிலைக் கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு மலையேறி வந்ததிலிருந்து அவருக்கும் தோட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் சங்கத்தில் வேறு சேர்ந்திருக்கிறார்.

"இந்த வருசம் சீருக்குச் சேலை துணியெல்லாம் வேண்டாமுங்க சம்பந்தி. அந்தச் செவப்புப் பூவுல ஒரு கெழங்கு குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

சேலை இரண்டு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்டது மாப்பிள்ளையைப் பெற்றவர். பெண்ணைக் கொடுத்தவள் மாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா? அதுக்கென்னங்க, தாராளமா என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை.

ஜனவரி 13

வழி கிடைத்துவிட்டது. கூடையில் இருப்பதிலேயே கொழுத்த கிழங்கைக் கொடுப்பது. பார்த்தால் கைக்குழந்தை மாதிரி இருக்கிறது. கழுத்தில் கண்தான் கிடையாது. பெரியதாகப் பார்த்துக் கொடுத்தாள் என்று பெயரும் வரும். முளைக்கவில்லை என்றால் மண் சரியில்லை, ராசி சரியில்லை, சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. சங்கத்தில் யாரும் செய்யாததையா நான் செய்கிறேன்? தேவசகாயம் எனக்குக் கொடுத்த மஞ்சள் டாலியா இன்றுவரை முளைக்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைத் தாம்பாளத்தில் சீர் வைத்தேன். விளிம்பில் சாரதாமணி என்று பெயர் வெட்டியது. மஞ்சள் கொத்து, வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் அந்தக் கொழுத்த கிழங்கு, அதற்கு ஒரு குங்குமப் பொட்டு. மேகலா காலையிலேயே வந்து கூடமாட வேலை செய்தாள். கிழங்கை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேங்காயை மறந்துவிட்டேன் என்று சொன்னதும், தட்டோடு சாமான் அறைக்குப் போய் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தேங்காய் எடுக்க அவ்வளவு நேரமா என்று சத்தம் போட்டேன். ரவிக்கைத் துணியால் தட்டை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

நாகரத்தினம் தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு நேரே சாமி அறையில் கொண்டுபோய் வைத்தார். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது, ரெண்டு நாளில் ஏதாவது வைத்துக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். எனக்கு லேசாகத்தான் ஒரு மாதிரி இருந்தது. கரும்பு தின்றதில் சரியாகிவிட்டது.

ஜனவரி 29

தாம்பாளம் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 3

கண் உள்ள இரண்டையும் தொட்டியில் நட்டேன். ஒன்றில் கண் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்றில் தெரியவில்லை. சேமித்து வைக்கும்போது கண் உள்வாங்கிக்கொள்வது உண்டு. உறங்குகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

கையேடு அச்சுக்குப் போகிறது. மெய்ப்பு பார்த்த தேவசகாயம், எல்லாச் சொல்லும் இருக்கிறது, குருட்டுக் கிழங்கை மட்டும் காணோமே என்றார். புது உறுப்பினர்களில் நாகரத்தினமும் உண்டு என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இடம் பற்றவில்லை என்றேன். அதே பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு என் புகைப்படம் இருந்தது. மனுஷர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி 18

நாகரத்தினம் போன். காலை எழுந்ததும் முதல் வேலை தொட்டியைப் போய்ப் பார்ப்பதுதானாம், இன்னும் ஒன்றும் வரவில்லையாம். தோட்டம் என்றாலே பொறுமைதானுங்க என்று ஆறுதல் சொன்னேன். தாம்பாளத்தையும் ஞாபகப்படுத்தினேன். என் தொட்டியிலும் இன்னும் முளை வரவில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பிப்ரவரி 26

நாகரத்தினம் வீட்டில் முளைத்துவிட்டது.

களையாக இருக்கும்.

பிப்ரவரி 28

தாம்பாளம் கேட்கிற சாக்கில் நேரில் போனேன். களை இல்லை. தண்டில் அந்தக் கருஞ்சிவப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெற்றவளுக்குத் தெரியாதா? நாகரத்தினம் எனக்குக் காப்பியும் ஓமப்பொடியும் கொடுத்து, எல்லாம் உங்க கைராசி என்றார்.

வீட்டுக்கு வந்து என் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். கண் இருந்த கிழங்கு அழுகிக் கூழாகிவிட்டது. முளை வெளியே தெரியும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன். கேட்டால்தானே? மற்றதைக் கழுவித் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்தே ஒடிந்திருக்கிறது. சுத்தக் குருடு. கூடையில் கிடந்ததைப் பெட்டியிலும், பெட்டியில் இருந்ததைத் தட்டிலும் நானே மாற்றி வைத்திருக்கிறேன். கண்புரைக்கு ஆப்பரேஷன் செய்துகொள் என்று டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போட்டதன் பலன். செய்துகொள்ளலாம் என்றபோது இவர்தான் அவசரமில்லை என்றார். எல்லாம் இவரால்.

ஆக, ஐந்து வருஷத்துச் செடி உலகத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் சம்பந்தி வீட்டில்.

மார்ச் 8

ஒரு தளிரை வெட்டி மணலில் நட்டால் வேர் பிடித்துவிடும். கிழங்கே வேண்டாம். ஆனால் கேட்கவேண்டுமே. கேட்டால், உங்ககிட்ட இல்லீங்களா என்பார். இல்லை என்றால் ஏன் என்பார். வாயைத் திறந்தால் மானம் போகும்.

விதி வேறு தலைக்குமேல் தொங்குகிறது. முதலில் காட்சிக்கு வைப்பவர் பெயர் சூட்டலாம். அந்தப் பூ காலாகாலத்துக்கும் நாகரத்தினம் என்ற பெயரில் ஊர் ஊராகப் போகும். நேற்றுக் கூட்டத்தில் அந்த விதியை மாற்றலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அருமையான விதி, நீங்கள் கொண்டுவந்தது, அதில் கை வைக்க விடமாட்டோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 12

செடி இடுப்பளவு. மொட்டு வைத்துவிட்டது. பக்க மொட்டை என்ன செய்வது என்று நாகரத்தினம் கேட்டார். எல்லாவற்றையும் அப்படியே விடுங்க, கொத்துக் கொத்தா பூத்தாத்தான் அழகு என்றேன். பூ ஆளுக்குக் கொஞ்சமாகச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு சின்னச் சின்னதாக வரும். டின்னர் பிளேட் பிரிவில் நிற்காது. பாவம்தான். எனக்கு வேறு வழி இல்லை.

ஏப்ரல் 20

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். நாகரத்தினம் கோயிலுக்குப் போயிருந்தார். தோட்டத்தில் மேகலா. கட்டைவிரல் நகத்தால் பக்க மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நடு மொட்டை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. சின்ன வயசில் நடு மொட்டு ஒடிந்தால் விரலில் ஸ்கேலால் ஒன்று வைப்பேன்.

வேண்டாம் என்று நான் சொன்னது தெரியாதா என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தது வேற, அத்தைக்குச் சொல்லிக் குடுத்தது வேற" என்றாள். கையை நிறுத்தவில்லை. அடுத்த மொட்டைக் கிள்ளிக்கொண்டே, "கெழங்கை நாந்தாம்மா மாத்துனேன். அன்னைக்குச் சாமான் ரூம்புல. தட்டுல இருந்ததைக் கூடையில போட்டுட்டு, பெட்டியில இருந்த கண்ணுள்ளதுல ஒண்ணைத் தட்டுல வெச்சேன், அதுக்குப் பதிலா பெட்டியில வேற குருட்டுக் கெழங்கு" என்றாள்.

மாமியாருக்காகப் பெத்தவளோட ஐந்து வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"ஒண்ணு உனக்கும் இருக்கட்டும்னுதான் பெட்டியில விட்டுட்டு வந்தேன். நீ தண்ணி ஊத்திக் கெடுத்துட்ட. நீ வெச்ச கெழங்கை நட்டுருந்தா அத்தை இன்னைக்கும் காலையில எந்திரிச்சு அதைப் பாத்துட்டுத்தான் நின்னுட்டு இருப்பாங்க. நான் இந்த ஊட்டுல இருந்துட்டு அதைத் தெனமும் பாக்கோணும்."

அவ்வளவு பாசமா அத்தை மேலே என்றேன்.

"அத்தைக்காக இல்லம்மா. நீ இப்படின்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

வாசலுக்கு வந்த பிறகுதான் தாம்பாளம் கேட்க மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

ஏப்ரல் 21

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

மே 17, கண்காட்சி

போகாமல் இருந்திருக்கலாம். கையேடு எழுதியவள் போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

என் பாம்பான் டாலியாவை வைத்தேன். பாம்பான் என்பது ஊர்ப் பெயர் இல்லை, நெல்லிக்காய் மாதிரி உருண்டு திரண்டு, நடுவரின் வளையத்துக்குள் நுழையவேண்டிய பூ. என் பூ உரம் தின்று கொழுத்துவிட்டது. நடுவர் வளையத்தை வைத்து அழுத்திப் பார்த்தார், நுழையவில்லை. 'விதிப்படி இல்லை' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

டின்னர் பிளேட் மேசையில் ஒரே கூட்டம். நான் எட்ட நின்று பார்த்தேன். இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதன் கீழே அட்டை இருந்தது. வளர்த்தவர் நாகரத்தினம் என்பதைப் படித்தேன். அடுத்த வரியைப் படிக்க மனசில்லை. நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வேறு வழியில்லாமல் கிட்டே போனேன்.

பூவின் பெயர்: சாரதாமணி.

நாகரத்தினம் தேவசகாயத்திடம் விளக்கிக்கொண்டிருந்தார். "பேரு வெக்கறது என்ற உரிமைன்னு சொல்றாங்க. குடுத்தவங்க பேருதானுங்க வெக்கோணும், வேற என்ன பேரு? எழுத்துப் பெசகீரக் கூடாதுன்னு அவங்க தாம்பாளத்தைப் பாத்து எழுதிட்டு வந்தேன்."

முதல் பரிசு. வெள்ளிக் கோப்பை. அதோடு விட்டார்களா? தேவசகாயம் மைக்கைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் பூட்டி வைக்கவேண்டிய பொக்கிஷத்தைச் சீர்த்தட்டில் வைத்துச் சம்பந்திக்குக் கொடுத்த பெருந்தன்மையைப் பாருங்கள், தனக்கென்று ஒரு செடிகூட வைத்துக்கொள்ளவில்லை பாருங்கள் என்று என்னை மேடைக்கு இழுத்துவிட்டார். கிழங்கு என்பது பகிர்ந்துகொள்வதற்காகவே மண்ணுக்குள் பெருகுகிறது என்று என்னவோ பேசினேன். என் வாயிலிருந்துதான் வந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். இவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தட்டினார்.

மூன்றாவது வரிசையில் மேகலா இருந்தாள். அவளும் தட்டினாள், என்னைப் பார்த்துக்கொண்டே. அந்த மைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. அவ்வளவு வெட்கம்.

ஜூன் 4

சங்கத்தில் 'சாரதாமணி பெருந்தன்மை விருது' என்று ஒன்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் தருவார்களாம். காலையில் மூன்று பேர் பையோடு வந்து, அம்மா, உங்களுக்கென்ன, கொடுக்கிற கை என்று கிழங்கு கேட்டார்கள். மிச்சமிருந்த மற்ற டாலியாக் கிழங்குகளைக் கொடுத்துத் தொலைத்தேன். கண் உள்ளதாகத்தான் கொடுத்தேன். இனி எல்லாரும் பார்ப்பார்களே.

ஜூலை 19

மேகலா போன். அப்பாவுக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 2

மழை. ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

டிசம்பர் 21

நாகரத்தினம் கிழங்கு எடுத்துவிட்டாராம். இவர் கடைவீதியில் மாப்பிள்ளையைப் பார்த்தபோது சொன்னாராம். நான் கேட்கப்போவதில்லை. எந்த வாயால் கேட்பது?

ஜனவரி 15, பொங்கல்

இந்த வருஷம் கேட்பதற்கு முன்பே நல்ல பட்டுச் சேலையாக எடுத்து, எவர்சில்வர் தட்டில் வைத்து, மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். நேரில் போகவில்லை. முட்டிவலி என்றேன்.

மதியம் நாகரத்தினமும் மேகலாவும் வந்து நிற்கிறார்கள். மேகலா கையில் என் பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. மேலே ரவிக்கைத் துணி.

"வெறும் தட்டைத் திருப்பக் கூடாதில்லீங்களா சம்பந்தி. நீங்க குடுத்ததுக்கு ஈடா வெக்கறதுக்கு என்ற கிட்ட ஒண்ணுமே இல்லீங்க. அதான் தட்டு ஒரு வருசமா ஊட்டுலயே இருந்துருச்சு" என்றார்.

துணியை எடுத்தேன். வெற்றிலை, பழம், நடுவில் ஒரு கிழங்கு. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, சுருங்கி, கோணிக்கொண்டு. ஒரு வருஷம் வைத்திருந்து இதுதானா என்று சுருக்கென்றது. என் முகம் மாறியதை நாகரத்தினம் பார்த்துவிட்டார் போல.

"இருக்கறதுலயே பெருசைத்தானுங்க எடுத்து வெச்சேன். மேகலாதான், பெருசுல கண்ணு இல்லீங்கத்தே, அது மொளைக்காது, அம்மாவுக்கு இதைக் குடுக்கலாம்னா. அப்படியெல்லாம் இருக்குதுங்களா? எனக்கென்னங்க தெரியும், நீங்க குடுத்ததை நட்டேன், வந்துருச்சு."

மேகலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழங்கின் கழுத்தில் இரண்டு பொட்டுக் குங்குமம் வைத்திருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. ஒவ்வொரு பொட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கண்.

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மேகலா பின்னாலேயே வந்தாள். உன்ற அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயசில் ஸ்கேலால் வாங்கிய அதே விரல்களால். இன்றைக்கு இங்கேயே இருந்துட்டுப் போ என்றேன். ஏற்கெனவே பையோடுதான் வந்திருக்கிறாள்.

இரண்டு கண். ஒன்றே போதும். தாராளத்துக்கு ஓர் அளவு வேண்டாமா, எல்லாம் மேகலா இந்தச் சம்பந்தியிடம் கற்றுக்கொண்டது.

கையேட்டின் அடுத்த பதிப்பில் குருட்டுக் கிழங்கைச் சேர்க்கச் சொல்லித் தேவசகாயத்துக்குப் போன் செய்துவிட்டேன். இடம் இருக்குங்களா என்றார். என் புகைப்படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

தொட்டி தயாராக இருக்கிறது. முளை தெரியும்வரை தண்ணீர்ச் சொம்பைத் தொடவே கூடாது என்று மேகலா சொல்லிவிட்டாள். என்னிடம்! கையேட்டில் அதை எழுதியதே நான்தான். சரி என்று சொன்னேன்.